விளக்கை யார் பக்கம் வைப்பது

காஜா பெராங், மலாக்கா
18 மே 1957

அக்கா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. அவருக்கும் காட்டாதே. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் காட்டாதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் தையல் மெஷின் இருக்கும் பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா தூங்கிவிட்டார். வெளிச்சம் வெளியே தெரியாமல் இருக்க விளக்கை மெஷினுக்குக் கீழே வைத்திருக்கிறேன். அதனால் எழுத்து கோணலாக இருக்கும், திட்டாதே.

நீ அவரைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகிறது. உன் பெயரைச் சொல்லக் கூடாது என்று அப்பா வைத்த சட்டம் அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் மாரியம்மன் திருவிழாவில் யாரோ எஸ்டேட்காரர், அப்பாவோடு சின்ன வயதில் வேலை பார்த்தவராம், "அப்பாசாமி, ஒனக்கு எத்தன புள்ளைங்க?" என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டி, "ஒண்ணுதான். இந்தா நிக்குது பாரு" என்றார். அம்மா கையிலிருந்த தேங்காய்த் தட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

பதில் எழுதினால் என்னோடு படிக்கிற மஜீதாவின் அப்பா கடை விலாசத்துக்கு எழுது. மஜீதா அதைப் பூகோளப் புத்தகத்தில் வைத்துக் கொண்டுவருவாள். தெரிந்துபோனால் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவதாக அப்பா எப்போதோ சொல்லிவிட்டார். "ஒருத்திய வெளிய உட்டது போதும்" என்றார். அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நீ படம் எடுக்கும் இடத்தில் தைக்கிறாயாமே. அங்கே என்ன படம் எடுக்கிறார்கள்? அவர் உன்னோடு கோபமாகப் பேசுவாரா? நீ இப்போது எதைக் கொண்டு சாப்பிடுகிறாய், கையா, குச்சியா?

சிவகாமசுந்தரி


சிங்கப்பூர்
1 ஜூன் 1957

என் அருமைக் குட்டி,

அடுப்பில் போடச் சொன்னாய். எங்களுடையது மண்ணெண்ணெய் அடுப்பு. போட்டால் திரிதான் கெடும். ரவிக்கைத் துணிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

கையால்தான் சாப்பிடுகிறேன். அவரும் இப்போது கையால் சாப்பிடப் பழகுகிறார். ரசத்தை அள்ளத் தெரியாமல் முழங்கை வரை வழியவிடுவார். கோபம் வருவது எனக்குத்தான். அவர் பெயர் ஹோக் லின். 'அவர்' என்றே எத்தனை நாள் எழுதுவாய்?

இங்கே எடுக்கும் படத்தின் பெயர் 'சத்து பெரிகி'. ஒரே கிணறு என்று அர்த்தம். மலாய்ப் படம். மலாய்க்காரர் வீடு, சீனர் வீடு, தமிழர் வீடு என்று மூன்று வீடுகளுக்கு நடுவில் ஒரு கிணறு. யாரோ கிணற்றைக் கெடுத்துவிட்டதாகப் புரளி கிளம்பி, மூன்று வீடும் ஒன்றையொன்று சந்தேகப்படுகின்றன. கதை அவ்வளவுதான். தகரக் கூரைக் கொட்டகைக்குள் சுண்ணாம்பால் கட்டிய கிணறு. ஆழம் என் இடுப்பு வரைதான். தண்ணீரை டிரம்மிலிருந்து ஊற்றுவோம். மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் வசனம் கேட்காது, எல்லாரும் உட்கார்ந்து தேநீர் குடிப்போம்.

டைரக்டர் ரஹீம் கோலாலம்பூர்த் தமிழ் முஸ்லிம். மலாயில் கத்துவார், தமிழில் திட்டுவார்.

தமிழ்ப் பெண்ணாக நடிப்பவர் ரொஹானி என்ற மலாய்க்காரி. அவருக்கு முகத்திலும் கையிலும் கறுப்புச் சாயம் பூசுவார்கள். நான் சேலை கட்டிவிடுவேன். போன வாரம், முதலில் எடுத்த துண்டைத் திரையில் போட்டுப் பார்த்தோம். சீனக் கடைக்காரர் பக்கத்தில் ரொஹானி நிற்கிற காட்சி. கடைக்காரர் முகம் பளிச்சென்று இருக்கிறது. ரொஹானிக்கு முகமே இல்லை. இரண்டு கண்ணும் பல்லும்தான் அந்தரத்தில் நிற்கின்றன. கொட்டகையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான், எதைப் பார்த்துச் சிரித்தேன் என்று உறைத்தது.

ஹோக் லினுக்கு அங்கே விளக்கு வேலை. அன்று வந்து விளக்கிச் சொன்னார். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வெளுத்த முகத்துக்குச் சரியாக வெளிச்சம் வைத்தால், பக்கத்தில் நிற்கிற கறுத்த முகம் இருட்டில் கரைந்துவிடும். கறுத்த முகத்துக்கு வைத்தால் வெளுத்த முகம் வெந்த சோறு மாதிரி ஆகிவிடும். இரண்டு பேரும் ஒரே படத்தில் தெரிய வேண்டுமென்றால் விளக்கைக் கறுத்தவர் பக்கம் நகர்த்தி, வெளுத்தவரை ஓர் அடி பின்னால் நிற்கச் சொல்ல வேண்டும்.

"அப்ப முதல்லயே ஏன் செய்யல?" என்று கேட்டேன்.

"விளக்கை எப்பவும் கதாநாயகன் பக்கம்தான் வைப்போம். பழக்கம்" என்றார்.

அந்தத் துண்டை டைரக்டர் மட்டும் சிரிக்காமல் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "கோளாறுன்னு நெனச்சோம். இதுதான்யா படமே" என்றார். அது என்ன என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். தைக்க ஒன்பது பாஜுச் சட்டை கிடக்கிறது.

அம்மா என்னைப் பற்றி ஒரு தடவையாவது கேட்டாளா? பொய் சொல்லாமல் எழுது.

ஜெயா


காஜா பெராங்
16 ஜூன் 1957

அக்கா,

உன் கடிதத்தை ஏழு தடவை படித்தேன். விளக்கைப் பற்றி எழுதிய இடத்தை இன்னும் அதிகமாக.

போன வருஷத்து வகுப்புப் படம் நினைவிருக்கிறதா? சுவீ லான் முகம் நிலா மாதிரி. மஜீதா சுமார். நான் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளை ரிப்பனும் ஒரு வெள்ளைச் சட்டையும்தான். அப்போது படம் எடுத்தவர், "நீ ஆடிட்டே" என்றார். நான் மூச்சுகூட விடவில்லை அக்கா. அந்தப் படத்தை அலமாரிக்குப் பின்னால் போட்டிருந்தேன். உன் கடிதம் வந்த அன்று எடுத்துப் பார்த்தேன். விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தால் நானும் இருந்திருப்பேன்.

மஜீதாவும் நானும் சுவீ லானும் மதிய இடைவேளையில் சோதித்துப் பார்த்தோம். படிக்கட்டுக்குக் கீழே நின்று, கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பினோம். சுவீ லான் முகத்தில் அடித்தால் அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். என் முகத்தில் அடித்தபோது மஜீதா, "ஐயோ, ஒனக்குக் கன்னத்துல குழி இருக்குடி!" என்றாள். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள் அதைப் பார்த்ததே இல்லையாம்.

நீ பொய் சொல்லாமல் எழுதச் சொன்னாய். அம்மா உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் உன் மெஷினுக்கு மாதம் ஒரு தடவை எண்ணெய் விடுகிறாள். அவளுக்குத் தைக்கத் தெரியாது.

எனக்கு அப்பாவைப் புரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டுத் தெங்கேராவுக்கு மஜீதா வீட்டுக்குப் போகும்போது அப்பா டிக்கெட் பரிசோதிக்கும் பஸ்ஸில்தான் போனேன். ஒரு சீனக் கிழவருக்கு இடமில்லை. அப்பாவே ஒருவரைத் தள்ளி உட்காரச் சொல்லி, "மாரி அங்கிள், டூடுக் சினி" என்று மலாயில் வரவேற்று, கையைப் பிடித்து உட்காரவைத்தார். அதே அப்பாதான் வீட்டில் 'சீனன்' என்று சொல்லும்போது வாயைக் கழுவுவது போலச் சொல்கிறார்.

இதை வீட்டுக்காரப் பாட்டி பிபிக் மீனாட்சியிடம் கேட்டேன். உனக்குத்தான் தெரியுமே, மலாக்காச் சிட்டிமாருக்குப் பேர்தான் தமிழ்ப் பேர், தமிழ் பேச மாட்டார்கள். மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "உங்க அப்பன் விழுந்து விழுந்து கும்பிடுற கோயில் எங்க ஆளுங்களுது. எங்க பாட்டனுக்குப் பாட்டன் தமிழன். அவன் கட்டிக்கிட்டது இந்த ஊர்க்காரிய. அன்னிக்கி உங்க அப்பன் மாதிரி ஒருத்தன் கதவச் சாத்தியிருந்தா கோயிலும் இல்ல, நானும் இல்ல, உங்களுக்கு வாடகைக்கு வீடும் இல்ல!" சொல்லிவிட்டு வெற்றிலையை மென்றுகொண்டு கபாயாச் சட்டை குலுங்கச் சிரித்தார்.

அதை அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உனக்கு இருந்தது. அதற்கான அடி எனக்கு விழுகிறது.

சிவகாமசுந்தரி


சிங்கப்பூர்
7 ஜூலை 1957

குட்டி,

கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. நீ எழுதியது சரிதான். மன்னிப்பு என்று ஒரு சொல் எழுதி அனுப்பினால் உன் சுமை குறையாது. அதனால் எழுதவில்லை. படத்தைப் பற்றி எழுதுகிறேன். அது ஒன்றுதான் உனக்கு என்னால் அனுப்ப முடிகிற பண்டம்.

டைரக்டர் கண்டுபிடித்தது இதுதான்: படத்தின் முதல் பாதியில் மூன்று வீட்டாரும் ஒரே படச்சட்டத்துக்குள் வரவே மாட்டார்கள். மலாய் வீட்டைக் காட்டும்போது மூங்கில் தட்டி வழியாக விழுகிற வெயில். அங்கிருந்து பார்த்தால் மற்ற இரண்டு வீட்டாரும் வெறும் நிழல்கள். சீன வீட்டுக்குள் போனால் ஒரு சிம்னி விளக்கு. ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மலாய்க்காரரும் தமிழச்சியும் நிழல்கள். தமிழ் வீட்டில் அடுப்பு வெளிச்சம். அங்கே அவர்கள் நிழல்கள். அவரவர் வீட்டில்தான் அவரவருக்கு முகம். அடுத்த வீட்டுக்காரனுக்கு முகம் கிடையாது, அதனால் அவன் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பான் என்று தோன்றும். இன்னார் கெட்டவர் என்று படத்தில் வசனமே இல்லை. வெளிச்சம்தான் அப்படி நினைக்கவைக்கிறது.

கிணற்றுக்குள்ளிருந்து மேலே பார்க்கிற காட்சி ஒன்று இருக்கிறது. வட்டமான வானம், விளிம்பில் மூன்று தலைகள் எட்டிப் பார்க்கின்றன. வானம் (கூரைக்குக் கீழே கட்டிய வெள்ளைத் துணிதான்) வெளிச்சம், தலைகள் கறுப்பு. எந்தத் தலை யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. அதை எடுக்க இவர் சுண்ணாம்புக் கிணற்றுக்குள் கேமராக்காரரோடு மடங்கி உட்கார்ந்து, முதுகு பிடித்துக்கொண்டு வந்தார். தைலம் தேய்த்துவிட்டேன்.

இப்போது வேடிக்கையைக் கேள். ரொஹானி தண்ணீர் இறைக்க வேண்டும். கை மட்டும் பெரிதாகத் தெரியும். வாளி மேலே வந்ததும் ஈரக் கயிறு பட்டுச் சாயம் கரைந்து, முழங்கை வரை வரிவரியாக ஓடியது. மறுபடி பூசினார்கள், மறுபடி ஓடியது. நாலு தடவை. உதவி டைரக்டர் கத்தினார்: "நிஜமான கறுப்புக் கை ஒண்ணு கொண்டாங்கப்பா!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஊசியைக் கீழே வைத்தேன். ஹோக் லின் விளக்கை அணைத்துவிட்டார். "அவ பேரச் சொல்லிக் கேளுங்க" என்றார். டைரக்டர் என்னிடம் வந்து, "ஜெயா, ஒங்க கை வேணும்மா. குடுப்பீங்களா?" என்று தமிழில் கேட்டார். கொடுத்தேன். இருபது வாளி இறைத்தேன். அந்தக் காட்சியில் விளக்கு முழுவதும் என் கைமேல்தான்.

உனக்கு இன்னொரு செய்தி இருக்கிறது. எழுதி எழுதி அடிக்கிறேன். அடுத்த தடவை.

ஜெயா


காஜா பெராங்
4 ஆகஸ்ட் 1957

அக்கா,

இனிமேல் மஜீதா கடை விலாசத்துக்கு எழுதாதே. அவளுடைய அப்பா ஷரீஃபுதீன் மாமா உன் கடிதத்தைப் பார்த்துவிட்டார். பிரிக்கவில்லை. என்னைக் கடைக்கு வரச் சொல்லிக் கையில் கொடுத்து, "இது கடையா தபாலாபீசா? நாளைக்கி அப்பாசாமி அண்ணன் வந்து, 'என் வூட்டுப் புள்ளைக்கு நீயாடா தூது'ன்னு கேட்டா நான் எந்த முகத்த வச்சிக்கிட்டு நிப்பேன்? நல்லாப் படிக்கிற புள்ள நீ. வேணாம்மா" என்றார். ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமும் கொடுத்தார். அதை வாங்கும்போதுதான் அழுகை வந்தது.

நீ போன நாளிலிருந்து என் பின்னலின் நீளம்கூடக் கணக்கில் இருக்கிறது. இப்போது பள்ளிக்கூடம் விட்டு இருபது நிமிஷத்துக்குள் வர வேண்டும் என்று வேறு. மாமா நல்லையா வந்தபோது அப்பா அவரிடம், "டிசம்பரோட படிப்பு போதுமான்னு பாக்கறேன்" என்றார். நான் உள்ளேயிருந்து கேட்டேன். உனக்கு அங்கே விளக்கை அணைக்க ஓர் ஆள் இருக்கிறார். எனக்கு யார் இருக்கிறார்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன். அடிக்க மாட்டேன், நீ அடித்து அடித்து எழுதுகிறவள்.

எழுதியே ஆக வேண்டுமென்றால் பிபிக் மீனாட்சிக்கு எழுது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் யார் கேட்டாலும் தைரியமாக, "எனக்கு என்ன எழுதியிருக்குன்னே தெரியாது" என்று சத்தியம் பண்ணலாம் என்கிறார். ஆனால் இரண்டு மாதத்துக்கு நான் பதில் எழுத மாட்டேன்.

சிவகாமசுந்தரி


சிங்கப்பூர்
2 செப்டம்பர் 1957

குட்டி,

பதில் வேண்டாம். படித்தால் போதும்.

முந்தாநாள் வானொலியில் மலாயாவின் மெர்டேக்கா சுதந்திர விழாவைக் கேட்டோம். சிங்கப்பூர் அதில் சேரவில்லை, அதனால் இங்கே பாதிப் பேருக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று குழப்பம். நான் மலாக்காக்காரி, சந்தோஷப்பட்டேன். நீ கொடி பிடித்துக்கொண்டு நின்றிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

செய்தி இதுதான். எனக்கு நான்காவது மாதம். மாசியில் பிறக்கும்.

சீன மாமியார், பிள்ளை பெற்றவளுக்கென்று இஞ்சியும் கறுப்பு வினிகரும் போட்டு என்னவோ செய்து அனுப்பப் போகிறாராம். என்னைப் பார்க்க வரமாட்டார், ஆனால் அனுப்புவார். அவர்கள் பக்கமும் ஒரு அப்பாசாமி இருக்கிறார். எனக்கு வினிகர் வேண்டாம் சிவகாமி. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்று எல்லாப் பெண்ணுக்கும் எழுதியிருக்கிறது. ஏழாம் மாதம் அம்மா கையால் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு, அந்தப் பின்னறையில் படுத்துக்கொண்டு, வலி வரும்போது தமிழில் கத்த வேண்டும். இவ்வளவுதான் ஆசை. வாசல்படி ஏற விடுவார்களா என்றுதான் தெரியவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பதை உன்னிடமே விடுகிறேன். உனக்கு ஆபத்து என்றால் சொல்லாதே. உன் படிப்பு பெரிது.

படம் முடிந்துவிட்டது. கடைசிக் காட்சியைச் சொல்கிறேன். கோடை. தண்ணீர் அடியில் போய்விட்டது. எந்த வீட்டுக் கயிறும் எட்டவில்லை. மூன்று கயிற்றையும் முடிச்சுப் போட்டு இறக்க வேண்டும். இருட்டிய நேரம். முதல் தடவையாக மூன்று வீட்டாரும் ஒரே சட்டத்துக்குள் வருகிறார்கள். சீனக் கடைக்காரர் கையில்தான் விளக்கு. அவர் அதை முடிச்சுப் போடுகிற தமிழச்சி பக்கம் நீட்டிவிட்டு ஓர் அடி பின்னால் போய் நிற்கிறார். அவ்வளவுதான். வசனம் இல்லை. அவள் முகம் முழுவதும் தெரிகிறது. மலாய்க்காரர் முகம் தெரிகிறது. கடைக்காரர் முகம் பாதி.

அந்த நடிகர் சண்டை பிடித்தார். "படம் முழுக்க நடிச்சு, கடைசியில என் முகத்த இருட்டுல வைக்கிறியா?" என்றார். ஹோக் லின்தான் சொன்னார்: "நீ இருட்டுல நின்னாலும் எல்லாரும் ஒன்னத்தான் பாப்பாங்க. விளக்கு ஒன் கையில இருக்கு."

அதைக் கேட்டபோது இவரைக் கட்டிக்கொண்டதற்கு நான் வருத்தப்படவில்லை என்று நினைத்தேன். வீட்டை நினைத்து வருத்தப்பட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில்.

ஜெயா


காஜா பெராங்
3 நவம்பர் 1957

அக்கா,

அம்மா பார்த்துவிட்டாள்!

சொல்கிறேன், ஒழுங்காகச் சொல்கிறேன். 'சத்து பெரிகி' இங்கே வந்தது. சாயங்காலக் காட்சிக்கு பிபிக் நம் அம்மாவை அழைத்துக்கொண்டு போனார். துணைக்கு நான். அப்பாவுக்கு அன்று ஜாசின் பஸ், ராத்திரிதான் வருவார். நீ அந்தப் படத்தில் வேலை செய்ததை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பயம்தான்.

நீ எழுதியது எல்லாம் திரையில் வந்தது. மற்றவர்கள் கதையைப் பார்த்தார்கள், நான் விளக்கைப் பார்த்தேன். முன்வரிசையில் இரண்டு பையன்கள், தமிழச்சி நிழலாக வரும்போதெல்லாம், "பேய் வருது, பேய் வருது" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவள் முகம் தெரிந்தபோது அவர்கள் கத்தவில்லை.

ஆனால் அம்மா அதற்கு முன்பே படம் பார்ப்பதை விட்டுவிட்டாள். தண்ணீர் இறைக்கிற கை வந்ததும் என் தொடையைப் பிடித்தாள். நகம் இறங்கிவிட்டது. நீ கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கயிற்றைப் பிடிக்கிறாய், அக்கா. "வெரலு நசுங்கிப்போகும்டி" என்று குழாயடி வருவதற்கு முன்பு கிணற்றில் அவள் எத்தனை தடவை திட்டியிருப்பாள். கொட்டகையில் அத்தனை பேருக்கும் நடுவில் சத்தமாக, "வெரல வெளிய எடுடி!" என்றாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிபிக், "ஆபா சூசா? ஆபா சூசா?" என்று, என்ன கஷ்டம் என்று, கேட்கிறார். அம்மா, கை திரையிலிருந்து போன பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "கையில ஒரு வளையலும் இல்ல" என்றாள். அது மட்டும்தான். அப்போது சொல்லிவிட்டேன், அக்கா. ஏழாம் மாதம் ஆகப்போகிறது என்று. அம்மா சாக்கடை ஓரமாகவே உட்கார்ந்துவிட்டாள். மாதத்தை விரல் விட்டு எண்ணினாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "ஒனக்கு எப்பிடித் தெரியும்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத" என்றாள்.

நேற்று பாசாரிலிருந்து கண்ணாடி வளையல் வாங்கி வந்திருக்கிறாள். பச்சையும் சிவப்பும். அரிசிப் பானைக்குள் இருக்கிறது. அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தினமும் சோறு பொங்க அந்தப் பானைக்குள் கைவிட வேண்டும். விடும்போதெல்லாம் சிணுங்குகிறது. அம்மா உடனே இருமுகிறாள்.

அத்தானுக்கு முதுகு வலி சரியாகிவிட்டதா?

சிவகாமசுந்தரி


சிங்கப்பூர்
8 நவம்பர் 1957

குட்டி,

'வெரல வெளிய எடுடி' என்பதை மலாயில் மாற்றி உன் அத்தானிடம் சொல்ல முயன்றேன். பாதியில் அழுதுவிட்டேன். அவர் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து டாக்டரைக் கூப்பிடப் போனார்.

நீ முதல் தடவையாக அத்தான் என்று எழுதியிருக்கிறாய். அதை அவரிடம் சொல்லிவிட்டேன். இன்று சாயங்காலம் முழுவதும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் இதோடு நிறுத்து, சிவகாமி. கெஞ்சிக் கேட்கிறேன். அம்மாவுக்குத் தெரிந்தது போதும். அவள் வளையல் வாங்கியிருக்கிறாள், அதை நினைத்துக்கொண்டே பெற்றுக்கொள்வேன். அப்பாவுக்குத் தெரிந்தால் உன் படிப்பு போய்விடும். என் பிள்ளைக்கு வீடு கிடைக்க உன் பள்ளிக்கூடத்தை விலையாகக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. டிசம்பர் பரீட்சையை எழுது. எனக்கு எழுதாதே.

ஜெயா


காஜா பெராங்
14 நவம்பர் 1957

அக்கா,

நீ எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. எல்லாம் வெளியாகிவிட்டது. என்னால்தான்.

சனிக்கிழமை அப்பா வீட்டுக்குத் தாமதமாக வந்தார். பஸ் கெட்டுப்போனது என்றார். மறுநாள் பிபிக், நம் அம்மாவை வேலி ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவருடைய தங்கை மகன் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவன். அப்பா சீருடையோடு வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்தாராம். அம்மா கொட்டகையில் கத்தியது பஸ்ஸில் யாரோ சொல்லி அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. திங்கட்கிழமையும் போனாராம். இரண்டு தடவை பார்த்திருக்கிறார், அக்கா. வீட்டில் ஒரு வார்த்தை இல்லை. அம்மாவும் நானும் அவர் முகத்தைப் பார்க்காமலே நாலு நாள் ஓட்டினோம்.

இன்று இரவு சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரையும் பார்க்காமல், ஏதோ பஸ் விஷயம் மாதிரிக் கேட்டார்: "அந்தப் படத்துல, கடைசியில, அந்தச் சீனன் எதுக்கு இருட்டுல போயி நிக்கிறான்? வெளக்கு அவன்துதான?"

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தால் வாய் சும்மா இருக்காது, அந்தக் குணம்.

"அவரு பின்னால போனாத்தான்ப்பா நம்ம முகம் தெரியும். கேமராவுக்கு ரெண்டு முகமும் சேத்துப் பாக்கத் தெரியாது. கறுத்தவங்க பக்கம் வெளக்க வச்சிட்டு, வெளுத்தவங்க ஓர் அடி தள்ளி நிக்கணும்" என்றேன்.

"இத யாரு சொன்னா?"

அப்போதுதான் புரிந்தது. மலாக்காவில் இதைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அம்மாவின் கை ரசக் கரண்டியோடு நின்றுவிட்டது. பொய் ஒன்றும் வரவில்லை, அக்கா. ஒன்றாவது வரக் கூடாதா? "அந்த வெளக்கு வச்சவரு சொன்னாரு. அக்காகிட்ட" என்றேன். ஒரு வருஷமாக இந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல்.

அப்பா என்னையே பார்த்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. "அந்த வெளக்கு வச்சது அவனா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். "கை வருதே, அதுக்கும்?" அதற்கும் ஆட்டினேன். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். துடைத்துக்கொள்ளவில்லை. ஈரக் கையோடு வாசலில் போய் நின்றார்.

வெகு நேரம் கழித்து அங்கிருந்தே அம்மாவிடம், "ஏழாம் மாசம் பொறந்திடுச்சா?" என்று கேட்டார். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை. வளையலைப் பார்த்திருக்கிறார். எப்போது பார்த்தார், எத்தனை நாளாகத் தெரியும், ஒன்றும் தெரியவில்லை. "இந்த வெள்ளிக்கிழமையோட" என்றாள் அம்மா. திண்டாட்டமாக இருக்கிறது. என்ன முடிவு பண்ணியிருக்கிறார் என்று முகத்தில் தெரியவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்கவும் பயம். சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

நீ எனக்காகப் பயப்படாதே. படிப்பை நிறுத்தினாலும் நான் சொன்னதற்கு வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம் வருத்தப்படுவேன். ஆனால் சொன்னதைத் திரும்ப

கதவைத் தட்டுகிறார்கள். இந்த வீட்டில் அப்பா எந்தக் கதவையும் தட்டியதில்லை, தள்ளிக்கொண்டுதான் வருவார். அப்பாதான். உள்ளே வரவில்லை. "சிவகாமி, அக்காவுக்குத்தான எழுதற? எழுது, எழுது. கீழ கொஞ்சம் எடம் உட்டு வையி, நானும் ரெண்டு வரி எழுதறேன்" என்கிறார்.